மாத்திரையை விழுங்கும் முன்: துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் பேசப் போயிருந்தேன். கருக்கலைப்பு மாத்திரை என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன், மேசை நிறைந்துவிட்டது. மகப்பேறு மருத்துவராக அங்கே சொன்ன பதில்களை இங்கே எழுதுகிறேன்.

பெருந்துறை: மாதவிலக்கு தள்ளி 20 நாள் ஆகிறது. 20 நாள் கருதானே?

இல்லை அம்மணி. கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை வருபவர் என்றால் உங்கள் கணக்கு இன்று 48 நாள், ஏறக்குறைய ஏழு வாரம். நம் நாட்டில் இந்த மாத்திரைக்கு எல்லை ஒன்பது வாரம், அதாவது 63 நாள். உங்களுக்கு இரண்டு வாரம்தான் மிச்சம். நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

திருப்பூர்: மாத்திரை போட்டால் தானாக வந்துவிடும் என்கிறார்கள். எதற்கு ஸ்கேன்?

இந்தச் சீட்டுக்காகத்தான் நான் வந்தேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. சிலருக்குக் கருக்குழாயிலேயே தங்கிவிடும். முதல் மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோன் கருப்பையின் உள்படலத்தைத் தளர்த்துகிறது. 24 முதல் 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது மாத்திரையான மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்க வைக்கிறது. குழாயில் இருக்கும் கருவை இரண்டும் வெளியேற்றாது. ஆனால் உதிரப்போக்கு வரும், பெண்ணும் வேலை முடிந்தது என்று நம்பிவிடுவாள். குழாய் வெடித்தால் இரத்தம் வயிற்றுக்குள் கொட்டும்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பெண் ஒருத்தியை இரவு ஷிப்டிலிருந்து நேரே தூக்கி வந்தார்கள். ஐந்து நாளுக்கு முன் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தாள். தோள்பட்டை வலிக்கிறது என்று சொன்னதை மெஷின் ஓட்டிய வலி என்று எல்லாரும் எண்ணிவிட்டார்கள். வயிற்றில் கசியும் இரத்தம், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும். அறுவைச் சிகிச்சை செய்து அவளைக் காப்பாற்றினோம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள் நுனியில் வலி, மயக்கம் — இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

தாளவாடி, கிராம சுகாதாரச் செவிலியர்: எல்லாருக்கும் ஸ்கேன் கட்டாயம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லவில்லையே. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஸ்கேனுக்கு வரச் சொன்னால், எங்கள் பெண்கள் நாளைத் தள்ளிப்போட்டு எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள்.

தங்கை சொல்வது உண்மை. மாதவிலக்குத் தேதி உறுதியாகத் தெரிந்து, வலியோ இரத்தக் கசிவோ இல்லாமல், பயிற்சி பெற்றவர் பரிசோதித்துப் பார்த்தால் ஸ்கேன் இல்லாமலும் கொடுக்கலாம். ஸ்கேனைக் காரணம் காட்டி ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது தவறு. ஆனால் முன்பு குழாயில் கரு தங்கியவர், குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் கருவுற்றவர், காப்பர்-டி உள்ளே இருக்கக் கருவுற்றவர், பால் கொடுப்பதால் தேதியே தெரியாதவர் ஆகியோருக்கு ஸ்கேன் பார்க்காமல் நான் கொடுக்க மாட்டேன். காப்பர்-டியை முதலில் எடுத்தும் விட வேண்டும்.

இதற்குள் திருப்பூரிலிருந்து இரண்டாவது சீட்டு: மலைக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? தாளவாடித் தங்கை எழுந்து, மலையில் வெடித்தால் கீழே வந்து சேரவே நேரமாகும், அதனால்தான் நாங்கள் ஒவ்வொரு பெண்ணையும் உட்கார வைத்துக் கேட்கிறோம் என்றார். அரை மணி நேரம் இதிலேயே போனது, எனக்கு வருத்தமில்லை. கேட்பதும் தொட்டுப் பார்ப்பதும் ஸ்கேனுக்கு முந்தைய மருத்துவம். கடையில் மாத்திரை வாங்குபவருக்கு இரண்டுமே கிடைப்பதில்லை.

பவானி: இரத்தச்சோகை இருக்கிறது. போடலாமா?

ஹீமோகுளோபின் எவ்வளவு என்று தெரியாமல் போடக்கூடாது. 8-க்குக் கீழே இருந்தால் வீட்டில் போடும் பேச்சே வேண்டாம். இரத்த வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால், அடுத்த கருவைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று மருத்துவர் சொல்வார்.

பல்லடம்: ஆஸ்துமாவுக்கு மருந்து எடுக்கிறேன்.

இன்ஹேலர் மட்டும் என்றால் பெரும்பாலும் தடையில்லை. நாள்பட்ட ஸ்டீராய்டு மாத்திரை என்றால் வேண்டாம். மிஃபெப்ரிஸ்டோன் ஸ்டீராய்டின் வேலையையும் தடுத்துவிடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர், இரத்தம் உறையாத நோய் உள்ளவர், அட்ரீனல் சுரப்பி செயலிழந்தவர், பார்ஃபைரியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர் ஆகியோருக்கும் இந்த மாத்திரை ஆகாது. கருப்பையைச் சுத்தம் செய்யும் வேறு முறை உண்டு.

காங்கேயம்: இரண்டும் சிசேரியன்.

அதுவே தடை அல்ல. கரு பழைய தழும்பில் ஒட்டவில்லை என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பொள்ளாச்சி: பப்பாளி, எள், கருப்பட்டி?

கலையாது. எருக்கங்குச்சியை உள்ளே வைத்துக் கலைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த வீட்டை விட்டு எழுந்து வாருங்கள்.

உடுமலை: கணவர் கையெழுத்து வேண்டுமாமே?

18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் கணவரையோ மாமியாரையோ கேட்கவில்லை. 2021 திருத்தத்துக்குப் பின் மணமாகாதவர் என்று திருப்பி அனுப்பவும் முடியாது. விவரத்தை வெளியே சொல்வது குற்றம்.

அந்தியூர்: இரண்டும் பெண் குழந்தை, மூன்றாவது என்னவென்று தெரிந்தபின் போடலாமா?

இதற்கு என்னிடம் பதில் கிடையாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாலினம் சொல்வதைத் தடை செய்கிறது. உங்களை வற்புறுத்துவது யார் என்று தனியாக வந்து சொல்லுங்கள், நான் அவர்களிடம் பேசுகிறேன்.

சென்னிமலை, அவினாசி, மீண்டும் பெருந்துறை: மெடிக்கலில் கேட்டால் கொடுக்கிறார்கள், வாங்கலாமா?

மூன்றாம் முறை சொல்கிறேன், வாங்காதீர்கள். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரை வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருபவர்கள் உங்களில் பலர். இந்த மாத்திரைக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் கிடைக்கிறது.

சத்தியமங்கலம்: எவ்வளவு இரத்தம் போனால் பயப்பட வேண்டும்?

பெரிய நாப்கின் மணிக்கு இரண்டு வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினாலும், இரண்டாவது மாத்திரைக்குப் பின் 24 மணி நேரத்தில் உதிரமே வராவிட்டாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். இரண்டாவது மாத்திரை போடும் நாளில் வீட்டில் ஒருவரும் வாசலில் ஒரு வண்டியும் இருக்கட்டும். இரண்டு வாரத்தில் திரும்ப வந்து காட்டுங்கள். கரு கலையாமல் தொடர்ந்தால் குழந்தைக்கு ஊனம் நேரக்கூடும். அதை அன்றே கண்டுபிடித்தால் வழி இருக்கிறது.