ஜி6பிடி கம்மின்னு ரிப்போர்ட் வந்திருக்கா? உங்க கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிறந்த குழந்தைக்கு ஜி6பிடி கம்மின்னு சொல்றாங்க. இது சுகர் வியாதியா டாக்டர்?

இல்லைங்க, முழுப் பேர்ல (குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ்) குளுக்கோஸ் வருது, அவ்வளவுதான். இது குளுக்கோஸை வச்சு என்ஏடிபிஹெச்ங்கிற, அணு சிதையாமப் பாதுகாக்க உதவுற பொருளைத் தயாரிக்கிற என்சைம். சிவப்பணுவுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா கிடையாது, அதனால என்ஏடிபிஹெச் வேணும்னா அதுக்கு இந்த ஒரே வழிதான், அதுவும் குறைஞ்சா சில மாத்திரை போட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அணு தாங்காம உடைஞ்சிரும், யூரின் கட்டங்காப்பி கலர்ல போகும், கண்ணு மஞ்சளாகும். மத்த நாள்ல பிள்ளை நல்லாத்தான் விளையாடும். ஆனா பீரோவுல அந்துருண்டை போட்டு வச்ச பழைய துணியை மட்டும் சுத்தாதீங்க, அந்த நாப்தலீனே போதும் ரத்தம் உடையுறதுக்கு. மருதாணியும் வேணாம்.

கேள்வி: அவரைக்காய், மொச்சை ஆகாதாமே?

தாராளமா சாப்பிடுங்க. ஆகாதது ஃபாவா பீன்ஸ், வடக்க பாக்லான்னு விப்பாங்க. நெட்ல "பீன்ஸ் கூடாது"ன்னு படிச்சிட்டு வீட்டுல எல்லா அவரையையும் நிறுத்திடுறாங்க, பாவம். கல்ஃப்ல இருக்கிறவங்கதான் ஃபூல், எகிப்து ஃபலாஃபெல்னு ஃபாவா பீன்ஸ்ல செய்யுற ரெண்டு பண்டத்துலயும் கவனமா இருக்கணும்.

கேள்வி: அப்பாவான எனக்கு ஜி6பிடி குறைவு. என் மகனுக்கும் வருமா?

உங்ககிட்ட இருந்து வராது. ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, நீங்க மகனுக்குக் குடுக்கிறது ஒய். மகள் இருந்தா அவங்களுக்கு அந்த ஜீன் கண்டிப்பா போகும்.

கேள்வி: எதிர்ப்பு சக்தியும் கம்மியாகுமா?

நல்ல கேள்வி. கிருமியை முழுங்குற வெள்ளையணு அதைக் கொல்றதுக்கும் இதே என்ஏடிபிஹெச்தான் வேணும். ஆனா வெள்ளையணுவுல நியூக்ளியஸ் இருக்கு, புது என்சைம் செஞ்சுக்கும், ஆயுசும் கம்மி. சிவப்பணு பாருங்க, 120 நாள் பழைய சரக்கை வச்சே ஓட்டணும். அதனால ரொம்ப மோசமான வகை இருக்கிற ஒரு சிலருக்குத்தான் திரும்பத் திரும்ப இன்ஃபெக்ஷன் வரும். இன்னொரு பக்கம், இந்தக் குறைபாடு மலேரியாகிட்ட இருந்து ஓரளவு காப்பாத்துது, மலேரியா பரவுன ஊர்கள்ல இது அதிகமா இருக்கிறதே அதனாலதான். வேடிக்கை என்னன்னா, 1956-ல இது பிடிபட்டதே மலேரியா மாத்திரை பிரைமாகுயின் சாப்பிட்டு ரத்தம் உடைஞ்சவங்களை ஆராயும்போதுதான். வைவாக்ஸ் மலேரியாவுக்கு அந்த மாத்திரை எழுதினா முதல்ல ஜி6பிடி பார்த்தீங்களான்னு கேளுங்க, தொழுநோய்க்குக் குடுக்கிற டாப்சோன் மாத்திரைக்கும் அப்படித்தான்.

கேள்வி: போன வாரம் ரத்தம் உடைஞ்சு அட்மிட் ஆனேன், டெஸ்ட் நார்மல்னு வந்திருக்கு?

நம்பாதீங்க. பழைய அணு உடைஞ்சு போயிருக்கும், மிச்சம் இருக்கிற இளசுல என்சைம் அதிகமா இருக்கும், அதான் நார்மல்னு காட்டுது. மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுங்க, அதுவரைக்கும் குறைவு இருக்குன்னே வச்சுக்கிட்டு, எந்த மாத்திரை சாப்பிட்டாலும் பார்த்து சாப்பிடுங்க.