57 வயதில் குதிரையேற்றம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வயது 57. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். குதிரையேற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. போன மாதம் கோலாலம்பூரில் ஒரு பள்ளியில் அரைமணி நேரப் பாடத்துக்குப் போனேன். தரையிலிருந்தே ஏறச் சொன்னார்கள். ஏறும்போது சேணம் என் பக்கமாகச் சரிந்தது. டிராட் (குதிரையின் துள்ளோட்டம்) போகும்போது “முட்டியால் இறுக்கிப் பிடிங்க” என்றார்கள். தொடையின் உள்பக்கமும் முட்டியும் நான்கு நாள் வலித்தன. “இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தொடரலாமா?

ஒரு வாசகி, கெப்போங்

அன்புள்ள அம்மா,

தொடரலாம். அந்தப் பள்ளியில்தான் தொடர வேண்டும் என்பதில்லை.

71 வயதில் லண்டன் ஒலிம்பிக்கில் (2012) குதிரையேறிய ஜப்பானியர் ஹிரோஷி ஹொகெட்சுவைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் அவர் இளமையிலிருந்தே ஏறியவர், புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அது சரியான கணக்கு அல்ல. உடம்பு ஒத்துழைக்குமா என்ற கவலைக்கு டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல்தான் பொருத்தமானவர். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டும். அந்த நிலையில் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ட்ரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் போட்டி) பிரிவில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

நடுவயதில் தொடங்குகிறவர்கள் குதிரை தறிகெட்டு ஓடிவிடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். ஆனால் ஏறுவதும் இறங்குவதும்கூட உடம்பைப் பதம் பார்க்கும்.

சேணம் சரிந்ததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சேணத்தைக் கட்டும் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும், சற்று நேரத்தில் பட்டை தளர்ந்துவிடும். அதனால் முதலில் மிதமாக இறுக்கி, நாலைந்து நிமிடம் குதிரையை நடத்தி, ஏறுவதற்குச் சற்று முன் மறுபடி இறுக்க வேண்டும். ஏறிப் பத்து நிமிடம் கழித்து மூன்றாம் முறை பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம், தரையிலிருந்து ஏறியது. காலை இடுப்பளவு தூக்கி அங்கவடியில் (பாதம் வைக்கும் வளையம்) வைத்து எம்பினால் முழு எடையும் சேணத்தின் ஒரே பக்கத்தில் விழும். குதிரையின் முதுகெலும்பும் முறுகும், உங்கள் இடது முட்டியும் முறுகும். ஏறுபடி வைத்து ஏறுவது கிழவிகளுக்கான சலுகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நல்ல வீரர்களும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

அறுபது செ.மீ.க்குக் குறையாத ஏறுபடி, அதை ஒட்டி அசையாமல் நிற்கும் குதிரை, எதிர்ப்பக்க அங்கவடியை அழுத்திப் பிடிக்க ஒரு சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்), இந்த மூன்றும் வேண்டும். கடிவாள வாரையும் பிடரி மயிரையும் இடது கையில் சேர்த்துப் பிடியுங்கள். இடது காலை அங்கவடியில் வைத்து எழுந்து, வலது காலைக் குதிரையின் புட்டத்தில் உரசாமல் தூக்கிப் போடுங்கள். பிறகு தொப்பென்று உட்காராமல் மெல்ல இறங்கி அமருங்கள்.

அடுத்து வலி. முட்டியால் இறுக்கச் சொன்னது தவறு. இறுக்கினால் இருக்கை சேணத்தை விட்டு மேலெழும், கீழ்க்கால் பின்னால் போகும், உடம்பு முன்னால் சாயும். குதிரையோ அந்த அழுத்தத்தை ‘வேகமாகப் போ’ என்று எடுத்துக்கொள்ளும். அங்கவடியும் குட்டையாக இருந்திருக்கலாம். விரல் நுனியைச் சேணத்தில் வார் மாட்டியிருக்கும் இடத்தில் வைத்து வாரை நீட்டுங்கள், அங்கவடி அக்குளைத் தொட்டால் ஏறக்குறைய சரி. ஏறியபின் காலைத் தளரத் தொங்கவிட்டால் அங்கவடியின் அடித்தட்டு கணுக்கால் எலும்பருகே இருக்க வேண்டும். டிராட்டில் உட்கார்ந்தே போனால் இடுப்பு அடிவாங்கும். எழுந்து எழுந்து அமரக் கற்றுக்கொள்ளும்வரை ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் போதும், மற்ற நேரம் நடைதான். நடையை மட்டமாக நினைக்காதீர்கள். இடுப்பு குதிரையோடு அசையப் பழகுவது அதில்தான், ரசிப்பதற்கும் அதில்தான் நேரம் கிடைக்கும். முதல் சில பாடங்களை லஞ்ச் கயிற்றில் (குதிரையை வட்டமாகச் சுற்றவிடும் நீளக் கயிறு) கேளுங்கள்: பயிற்றுநர் நடுவில் நின்று குதிரையைக் கட்டுப்படுத்துவார், நீங்கள் உடம்பை மட்டும் கவனிக்கலாம்.

நம் ஊர்ப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள் பல உண்டு. கடிவாளத்தை இழுத்தால் அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கப் பழகியவை அவற்றில் இருக்கும். பயத்தில் இழுக்கிற புதியவருக்கு இது ஆகாது. 12 வயது தாண்டிய, முதுகு அகலமில்லாத, 15 கை உயரத்துக்கு மேற்படாத பள்ளிக்குதிரையைக் கேளுங்கள். ஒரு கை என்பது நான்கு அங்குலம். அகல முதுகு இடுப்பு மூட்டை விரித்து வலிக்க வைக்கும். உங்கள் எடையும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது: 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ.

மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எலும்பு அடர்த்தி, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, முட்டியும் முதுகும். உறைவைத் தடுக்கும் மருந்து எடுக்கிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். நீர் பிரியும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு நம் வெயிலில் தலைசுற்றும். ஆகவே காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பசியாறிவிடுங்கள். மாலைப் பாடம் என்றால் இடி கேட்டதும் இறங்கிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் ஏறக் கூடாது.

குதிரையேற்றத்துக்கான தலைக்கவசம் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். பள்ளிக் கவசம் எத்தனை முறை கீழே விழுந்ததென்று யாருக்கும் தெரியாது. சைக்கிள் கவசம் வேண்டாம். காலணிக்கு இரண்டு செ.மீ. குதிகாலும் வழவழப்பான அடியும் வேண்டும், குதிகால் இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும்.

இறங்கும்போது இரண்டு பாதங்களையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு, முன்னால் சாய்ந்து, வலது காலைச் சுற்றி, வயிறு சேணத்தில் உரசச் சறுக்கி இறங்குங்கள். தரையைத் தொடும்போது முட்டி மடிந்திருக்கட்டும். கால் மரத்திருந்தால் சேணத்தைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றுவிட்டு, வயிற்றுப்பட்டையை இரண்டு துளை தளர்த்திக் குதிரையை லாயத்துக்கு நடத்திப் போங்கள்.