தளரவிடும் நொடியில்தான் குதிரை படிக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் மூன்று வயது மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கினேன். நடத்திப் போனால் முரண்டு பிடித்து நிற்கிறது, இல்லையென்றால் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. விற்றவர் முள் கடிவாளம் ஒன்றும் கொடுத்தார். எனக்கு அனுபவம் கிடையாது. நானே பழக்கலாமா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பழக்கலாம். முதலில் அந்த முள் கடிவாளத்தைத் தூக்கி எறியுங்கள். நாக்கையும் கடைவாயையும் கிழிக்கும் பொருள் அது. பாரம் சுமக்கும், வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகளே அதைத் தடை செய்கின்றன.

இப்போதைக்கு ஏறவும் வேண்டாம். முதுகெலும்பு முழுசாக முதிர ஐந்தரை, ஆறு வயதாகும். நான்கு வயதில் லேசாக ஏறத் தொடங்கினால் போதும். அதுவரை தரையில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டியதே நிறைய இருக்கிறது.

ஒரு ஹால்டரும் (வாயில் கடிவாளம் இல்லாத தலைப்பட்டை), கட்டைவிரல் தடிமனில் மூன்றரை மீட்டர் பருத்திக் கயிறும் வாங்குங்கள். நைலான் கயிறு உருவினால் உள்ளங்கைத் தோல் போய்விடும். மிச்சக் கயிற்றை மடித்துப் பிடியுங்கள். கையில் சுற்றவே கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு விரலோடு போகும். ஹெல்மெட்டும் கெட்டியான ஷூவும் தரை வேலைக்கும் வேண்டும்.

நிற்கும் குதிரையை முன்னால் நின்று முகத்தைப் பார்த்து இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இழுத்தால் எதிர்த்து இழுப்பது குதிரையின் சுபாவம். போதாததற்கு, மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. இடது தோள் பக்கம் நின்று கயிற்றை மெதுவாக முன்னோக்கிப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்காமல், கூட்டாமல் குறைக்காமல் அப்படியே வைத்திருங்கள். முன்னங்கால் ஒன்று அசைந்த உடனே, உடல் பாரம் முன்னால் சாய்ந்தாலும் சரி, தளரவிடுங்கள். எதைச் செய்தபோது பிடி தளர்ந்ததோ, அதைத்தான் குதிரை பாடமாக எடுத்துக்கொள்ளும். மூன்று விநாடி தாமதித்தால் அதற்குள் தலையைத் தூக்கியிருக்கும். தலையைத் தூக்கினால் விடுதலை என்று படித்துவிடும். கொஞ்சமும் நகராவிட்டால் தலையைப் பக்கவாட்டில் வரவழையுங்கள். பாரம் ஒரு பக்கம் சரிய, கால் தானாக எடுத்துவைக்கும்.

இழுத்து ஓடும்போது எதிர்த்துத் தொங்காதீர்கள், அதன் பலத்துக்கு நாம் ஈடில்லை. தலையை உங்கள் பக்கம் திருப்பிச் சின்ன வட்டமாகச் சுற்றவையுங்கள். நின்றதும் இரண்டடி பின்னுக்கு நகர்த்தி, கயிற்றைத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கினால் என் குதிரை கடிக்க வருகிறது. அடித்தும் திருந்தவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அடிக்காதீர்கள், அதற்கு வலிக்கிறது. சவாரி முடிந்து சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். வியர்வையில் நனைந்த முடிக்கு நடுவே உள்ளங்கையளவு காய்ந்த திட்டு தெரிந்தால், பெரும்பாலும் அந்த இடத்தைச் சேணம் அழுத்துகிறது. வெள்ளை முடி முளைத்திருந்தால் வெகுநாளாக அழுத்துகிறது என்று அர்த்தம். பிடரி முடிவடையும் இடத்து மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில், நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும், இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

பட்டையை ஒரே மூச்சில் இறுக்காமல் ஒரு துளை அளவுக்கு இறுக்குங்கள், பத்தடி நடத்துங்கள், அடுத்த துளைக்கு இறுக்குங்கள். பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் நீட்டிவிட்டால் பட்டைக்கடியில் மடிந்த தோல் நேராகும். சேணம் சரியாக இருந்தும் கடித்தால் கால்நடை மருத்துவரிடம் வயிற்றுப்புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் நெடுநேரம் கட்டிப்போட்ட குதிரைகளுக்கு அது சகஜம்.

கேள்வி: வெல்லம் கொடுத்துப் பழக்கினேன். இப்போது சட்டைப்பையைக் கடிக்கிறது. (வாசகர், உடுமலை)

பதில்: கையால் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள், கொடுப்பதைத் தீவன வாளியில் போடுங்கள். வேலை நடக்கும்போது கயிற்றைத் தளர்த்துவதும், பிடரியடியில் சொறிந்துவிடுவதுமே அதற்குப் போதுமான பரிசு.