ஃபேர்ம்வெயர் புரொஜெக்ட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருகோணமலையில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இறுதி வருட புரொஜெக்டாக, புதிய மதர்போர்ட் ஒன்றில் கோர்பூட்டை (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் திறந்த மூல ஃபேர்ம்வெயர்) ஓடவைக்க ஆசை. கையில் இருப்பது ஒரு சாதாரண லாப்டொப் மட்டுமே. முடியுமா?
– வாசகி, உவர்மலை

பதில்: அந்த ஆசையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். மதர்போர்டின் சிப்செட்டுக்கான (பாகங்களை இணைக்கும் சிப்கள்) கோட் ஏற்கெனவே கோர்பூட்டில் இருந்தாலும் புதிய மதர்போர்டுக்கு அதைப் பொருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். அந்தக் கோட்டே இல்லையென்றால் ஆவணம் தேடியே வருடம் போய்விடும்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது கோர்பூட்டுக்கு யூனிட் டெஸ்ட் எழுதுவது, அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனியாகச் சோதிக்கும் சிறு கோட். கோர்பூட் 1999இல் லினக்ஸ்பயோஸ் என்று தொடங்கி 2008இல் பெயர் மாறிய கோட். இன்னும் டெஸ்ட் எழுதப்படாத ஃபங்ஷன்கள் அதில் நிறைய உண்டு. எழுத லாப்டொப்பும் லினக்ஸும் போதும்.

முதலில் கோர்பூட்டின் சொந்தக் கம்பைலரை (கோட்டை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) கட்ட வேண்டும். எல்லாப் புரொசெசர்களுக்கும் கட்டப் போய் மணிக்கணக்கை வீணாக்காதீர்கள், ஐ386க்கு (இன்டெல் வகைப் புரொசெசர்) மட்டும் கட்டுங்கள். அதற்கு முன் பைசன், ஃப்ளெக்ஸ், நாட் (அடா மொழிக் கம்பைலர்) ஆகிய கருவிகளை நிறுவிவிடுங்கள். பலர் மறப்பது நாட்டைத்தான். அது இல்லாவிட்டால் அடா மொழிப் பகுதி கட்டப்படாது. டேட்டா செலவு யோசனையாக இருந்தால் ஒருவர் இறக்கிய 'டார்போல்ஸ்' ஃபோல்டரை (கம்பைலரின் மூலப் பைல்கள் இருப்பது) பென்டிரைவில் மற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம். பைல் பழுதானால் கம்பைலரைக் கட்டும் ஸ்கிரிப்ட் ஹாஷை (பைலின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாள எண்) சரிபார்த்துச் சொல்லிவிடும்.

பிறகு கோர்பூட்டின் மெனுவில் எமுலேஷன், க்யூ35 (ஒரு போலி மதர்போர்ட்) என்று தெரிவுசெய்து கட்டி, க்யூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளில் ஓட்டுங்கள். சீரியல் வெளியீட்டில் பூட்பிளொக், ரொம்ஸ்டேஜ், ரேம்ஸ்டேஜ் என்று கோர்பூட்டின் கட்டங்கள் வரி வரியாக ஓடி, அடுத்து ஓட வேண்டிய சீபயோஸ் வந்தால் உங்கள் கருவிகள் சரி.

இனி ஒரு சிறிய ஃபங்ஷனை எடுங்கள். நீளம் பூச்சியம், எல்லைக்குச் சரியான நீளம், எல்லைக்கு ஒன்று கூடிய நீளம் ஆகிய மூன்றையும் சோதியுங்கள். டெஸ்ட் பாஸானதும் நின்றுவிடாதீர்கள். மூலக் கோட்டில் ஒரு '<'ஐ '<=' ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். இப்போது டெஸ்ட் விழ வேண்டும். விழவில்லையென்றால் அது எதையும் சோதிக்கவில்லை.

பேட்ச்சை (உங்கள் கோட் மாற்றத்தை) கோர்பூட்டுக்கு அனுப்பும்போது மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை, அதைப் பார்வையிடுவோர் சொல்லும் ஒவ்வொரு கருத்துக்கும் புதிய கமிட் (பதிவு) போடுவது. பழைய கமிட்டையே திருத்தி, அதே சேஞ்ச்-ஐடியுடன் (மாற்றத்தின் அடையாள எண்) அனுப்ப வேண்டும். கோட்டைத் தர உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதிசெய்யும் சைன்ட்-ஓஃப் வரியும் கட்டாயம். கடைசி முக்கிய திருத்தத்துக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம் பார்வைக்கு வைத்த பிறகே சேர்ப்பார்கள். நடைமுறையில் வாரங்களும் ஆகலாம். முதல் பேட்ச்சை முதல் மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) முந்தின வாரம் அனுப்பிவிட்டு யாரையும் நோக முடியாது.

கேள்வி: பழைய திங்க்பேட் எக்ஸ்230 லாப்டொப் ஒன்றின் ஃபேர்ம்வெயர் சிப்பை சிஎச்341ஏ புரோகிராமரால் (சிப்பை வாசித்து எழுதும் யூஎஸ்பி கருவி) வாசிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பைல் வருகிறது. ஏன்?
– வாசகர், நிலாவெளி

பதில்: இந்த நிலையில் எதையும் எழுதிவிடாதீர்கள். சிப்பின் கால்களைப் பிடிக்கும் கிளிப் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கடலோரத்தில் சிப்பின் கால்களில் உப்புப் படலம் படிந்திருக்கவும் கூடும். ஐசோபுரொபைல் அல்ககோலால் துடைத்துக் காயவிடுங்கள். பற்றரி, சார்ஜர் இரண்டையும் கழற்றுங்கள். கிளிப்பின் சிவப்பு வயர் சிப்பின் புள்ளியிட்ட 1ஆம் காலில் இருக்க வேண்டும். வயர் நீளமானாலும் தரவு சிதறும். கறுப்பு சிஎச்341ஏ பலவற்றில் மின் கால் 3.3 வோல்ட் தந்தாலும் தரவுக் கால்கள் 5 வோல்ட் தரும். மல்டிமீட்டரால் அளக்காமல் மாட்ட வேண்டாம்.

எக்ஸ்230இல் இரண்டு சிப்கள்: திரைப் பக்கம் 4 எம்பி, மற்றது 8 எம்பி. இரண்டையும் மும்மூன்று தடவை வாசித்து, மூன்றின் ஹாஷும் ஒத்துவந்தால் மட்டுமே அதை பேக்அப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 4 எம்பி சிப்பின் பைல் சரியாக 4,194,304 பைட் இருக்கும். ஆனால் அளவு சரி என்பதற்காக நம்பிவிட முடியாது; திறந்து பார்த்து முழுக்க எஃப்எஃப் (வெற்றுப் பைட்) என்றிருந்தால் சிப் வாசிக்கப்படவே இல்லை.

கேள்வி: ஃப்ளாஷ்ரொம் (சிப்பை வாசித்து எழுதும் மென்பொருள்) பழக சிப் வாங்க வேண்டுமா?
– மாணவர், கிண்ணியா

பதில்: தேவையில்லை. அதிலேயே 'டம்மி' என்ற போலிப் புரோகிராமர் உண்டு. அதற்கு ஒரு சிப்பின் பெயரைக் கொடுத்து வாசிக்கலாம், அழிக்கலாம், எழுதலாம்.