நான் மாறிவிட்டேன், யாருக்கும் தெரியவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, வணக்கம்.

எனக்கு 67 வயது. பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. கணவர் காலமாகி நான்கு வருடம். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது.

ஒரு காலத்தில் நான் கோபக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். கணவருக்கு வெளியூர் வேலை. இரண்டு பிள்ளைகளையும் தனியாக வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கும் ஓடி, வீட்டையும் பார்த்தேன். கண்டிப்பு இல்லாமல் எப்படி முடியும்? அந்தக் கண்டிப்பால்தான் இரண்டு பேரும் இன்று நல்ல நிலைமையில் இருக்கிறார்கள்.

கணவர் போன பிறகு நிறைய யோசித்தேன். என்னை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தேன். காலையில் தியானம். இரவில் ஒரு நோட்டில், அன்றைக்கு யாரிடம் முகம் சுளித்தேன், எங்கே குரலை உயர்த்தினேன் என்று எழுதுகிறேன். மூன்று நோட்டு முடிந்துவிட்டது. கடந்த எட்டு மாதமாகக் ‘கோபம்’ என்று எழுத வேண்டியே வரவில்லை. யாராவது கவனித்தார்களா? மகன் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, ‘மாத்திரை சாப்பிட்டியாம்மா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். மகள் மரியாதையாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த மரியாதையில் ஒட்டுதல் இல்லை. மேலதிகாரியிடம் பேசுவது போலப் பேசுகிறாள்.

போன மாதம் அவளிடம் நோட்டை எடுத்துக் காட்டினேன். ‘நல்லதும்மா’ என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இரண்டு பக்கம்கூடப் புரட்டவில்லை. இந்த வயதில் ஒரு மனுஷி தன்னை இவ்வளவு மாற்றிக்கொள்வது லேசான காரியமா? என் தோழிகள் எல்லாம் பழையபடியேதான் இருக்கிறார்கள். அவர்களைப் பிள்ளைகள் தாங்குகிறார்கள்.

அன்றைக்குப் பேத்தி கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவி விழுந்து உடைந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன், அவ்வளவுதான், வாயே திறக்கவில்லை. அதற்குள் மகள் ஓடி வந்து எனக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அது கிடக்கட்டும், ஏதோ அவசரத்தில் செய்திருப்பாள்.

நான் கேட்பது இதைத்தான். இவ்வளவு மாறியது போதாதா? இன்னும் என்ன செய்தால் இவர்களுக்கு என் அருமை புரியும்?

இப்படிக்கு,
ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகனின் போன், தோழிகளின் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் ‘அது கிடக்கட்டும்’ என்று தள்ளிவிட்ட இடத்துக்கே வருகிறேன். அது மனதில் கிடந்து உறுத்துவதால்தான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் மகள் அன்று யோசித்துவிட்டு ஓடி வரவில்லை. மூளையில் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்து என்று தோன்றினால், நாம் நினைத்து முடிப்பதற்குள் அது உடம்பை உஷார்ப்படுத்திவிடும். சிறு வயதில் பதிந்த பயம் லேசில் அழிவதில்லை. பயந்த அதே இடத்தில், பல தடவை ஒன்றும் நடக்காமல் போனால், ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் அதன் மேல் படியும். பழையது அடியிலேயே இருக்கும். டம்ளர் உடையும் சத்தம் போதும், மேலே வந்துவிடும். ஆக, அவர் உங்கள் மாற்றத்தை எடைபோட்டு நிராகரிக்கவில்லை. அவர் சிறுமியாக இருந்தபோதும் ஏதாவது கை தவறி உடைந்திருக்கும். அன்று குறுக்கே வந்து நிற்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தன் குழந்தைக்கு அவர் நின்றார்.

இதைப் படிக்க வலிக்கும். இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் ‘கண்டிப்பு’ என்கிறீர்கள். அந்தக் கண்டிப்பு எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. திட்டா, அடியா, நாள்கணக்கில் பேசாமல் இருந்ததா? மூன்று நோட்டிலும் அன்றன்றைய நாளைத்தான் எழுதுகிறீர்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலத்துக்கு அதில் இடமில்லை. மகள் பார்க்காமல் போன பக்கங்களை நினைத்து வருந்துகிறீர்கள். அவர் தேடும் பக்கம் அந்த நோட்டில் இல்லையே அம்மா. ஒரு காலத்தில் அவர் ரேங்க் கார்டை நீட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தபடி நின்றிருப்பார். இப்போது நீங்கள் நோட்டை நீட்டிவிட்டு நிற்கிறீர்கள். மதிப்பெண் போடும் நிலையில் அவர் இல்லை.

முதியவர்கள் பழசையே நினைத்துக்கொண்டிருப்பதை மூளைத் தளர்ச்சி என்று பலர் ஒதுக்கிய காலத்தில், 1963-ல், அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அது இயல்பான, தேவையான வேலை என்று எழுதினார். தீராமல் போன விஷயங்கள் தாமாக மேலே வரும் என்றார். அது சிலரை அமைதிக்குக் கொண்டுபோகும், சிலரைக் குற்ற உணர்வில் தள்ளும் என்றும் சொன்னார். நீங்கள் இந்த வேலையைப் பாதியில் ஆரம்பித்திருக்கிறீர்கள். கணவர் போன பிறகு உருவான பெண்ணை மட்டும் ‘நான்’ என்கிறீர்கள். அதற்கு முன் கத்தியவளும் நீங்கள்தான். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் துணைக்கு ஆளில்லாமல் தவித்தவளும் நீங்கள்தான். உங்களுக்கும் குறுக்கே வந்து நிற்க யாரும் இல்லை. அவளை ஒளித்து வைக்காதீர்கள்.

மாறியது வீண் இல்லவே இல்லை. பழைய நீங்களாக இருந்தால், மகள் அப்படி வந்து நின்றதும் ‘என்னை என்னன்னு நினைச்சே’ என்று பாய்ந்திருப்பீர்கள். இன்று வலியோடு பேசாமல் நின்றீர்கள். நான்கு வருட உழைப்பில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ஒரு நிமிடம்தான்.

மகளிடம் ஒருநாள் சொல்லுங்கள்: ‘அன்றைக்கு நீ பாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றதைப் பார்த்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.’ அப்புறம், நீங்கள் செய்ததைக் கண்டிப்பு என்று மழுப்பாமல், அடித்திருந்தால் அடித்தேன் என்றே சொல்லி, அது தப்பு என்று முடித்துவிடுங்கள். ‘ஆனால் அப்போது என் நிலைமை’ என்று தொடர வேண்டாம். அவரே கேட்டால் அதைச் சொல்லலாம். அவர் அழலாம், கோபப்படலாம், மறுபடி துணி மடிக்கவும் போகலாம். போகட்டும். பதிலுக்காகப் பின்னாலேயே போகாதீர்கள். மனம் தாங்காமல் தூக்கம் கெட்டால் ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள்.

அடுத்த முறை ஏதாவது விழுந்து உடைந்தால், நாற்காலியை விட்டு எழ வேண்டாம். உட்கார்ந்தபடியே, ‘காலில் குத்திடப் போகுது, அங்கேயே நில்லு கண்ணு’ என்று சொல்லுங்கள். துடைப்பத்தை மகள் எடுத்து வரட்டும்.