கதை தெரிந்த பிறகும் பழைய காமிக்ஸை ஏன் படிக்கிறேன்?

முடிவு தெரிந்த காமிக்ஸைத் திரும்பப் படிப்பதில் என்ன இருக்கிறது, அதைப் பெட்டியில் சேர்த்து வைப்பது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வாசிப்பில் கதைதான் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். படத்தை நின்று பார்ப்பது அப்புறம்தான். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். முகமே இல்லாத கட்டத்தில் அந்தக் கையின் விரல்களை வைத்தே கோபத்தையும் தயக்கத்தையும் காட்டியிருப்பார் ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. சிறுவயதில் இது என் கண்ணில் படவே இல்லை. 1962ல் இங்கிலாந்தின் வேலியண்ட் வார இதழில் தொடராக வந்த கதை அது. அதனால்தான் சில பக்கங்களுக்கு ஒருமுறை மாயாவி ஏதாவது ஓர் ஆபத்தில் மாட்டுகிறார். ஒரு வாரம் எங்கே முடிந்திருக்கும் என்று தேடிக்கொண்டே படிப்பது தனிச் சுகம்.

சேர்ப்பதற்கு வருகிறேன். எனக்குக் கீழக்கரை. காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) துபாய்க்குப் போகும்போது முத்து, லயன், ராணி காமிக்ஸ் நிறைந்த டிரங்குப் பெட்டியை என்னிடம் விட்டுப் போனார். விடுமுறைக்கு வந்தால், “அந்த ஸ்பைடர் புக்கை எடுடா” என்றுதான் ஆரம்பிப்பார். கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன ஒரு புத்தகத்தின் முடிவு பல வருடமாக எங்கள் இருவருக்குமே தெரியாது. ராமநாதபுரத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அதே இதழ் அட்டையில்லாமல் கிடைத்தது. அதன் முதல் பக்கத்தில் யாரோ ஒரு பையன் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தான். இரண்டையும் சேர்த்துத் தைத்து முழுப் புத்தகமாக்கிய அன்று, கடைசிப் பக்கங்களைப் போனிலேயே காக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

எங்கள் கடற்கரையில் புத்தகத்துக்கு எதிரி உப்புக்காற்று. முதலில் தாள்களைச் சேர்த்து அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், அந்தத் துரு தாளை அரிக்கும். அதனால் பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துவிடுவேன். செலோடேப் ஒட்டவே கூடாது, பசை மஞ்சளாகித் தாளைக் கெடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விரித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். மலிவுத் தாள் வெயில் பட்டால் இன்னும் வேகமாகப் பழுத்துவிடும், அதனால் நிழல்தான் சரி. புரட்டுகிற சாக்கில் பாதியைப் படித்தும் விடுவேன்.

விலை ஏறட்டும் என்று பாலிதீன் உறையில் போட்டு ஒட்டி, தொடாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உறைக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் பூஞ்சை பிடிக்கும், திறந்து பார்க்காதவருக்கு அது தெரியவும் வராது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இறக்கித் தூசி தட்டி, முதலில் ஒன்றைப் படியுங்கள்.