பின்னொளிர்வு: எண் இருக்கிறது, நேரம் எங்கே?

எங்கள் சிண்டிலேட்டர் (கதிர் பட்டால் ஒளிரும் படிகம்) எக்ஸ்ரேயை நிறுத்திய பிறகும் ஒளிர்கிறது. கெட்டுப்போய்விட்டதா? (உட்லண்ட்ஸ்)

எந்தப் படிகம்? அதை எழுதாமல் ஜாதகமா பார்ப்பது? தாலியம் கலந்த சீசியம் அயோடைடு என்றால் அதன் குணமே அதுதான்; கதிர் நின்ற பிறகும் தொடரும் இந்த ஒளிக்குத்தான் பின்னொளிர்வு என்று பெயர்.

எல்ஒய்எஸ்ஓ (லுட்டீசியம் உள்ள சிண்டிலேட்டர்) துண்டை ஒரு வாரம் இருட்டில் வைத்தும் ஒளித்துடிப்புகளின் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. (கிளமெண்டி)

வெளிச்சம் பட்டதால் வந்த ஒளிர்வு அதற்குள் அடங்கியிருக்கும். மிச்சம் படிகத்துக்குள்ளேயே இருக்கும் கதிரியக்க லுட்டீசியம்-176. கன சென்டிமீட்டருக்கு வினாடிக்குச் சுமார் 300 சிதைவு. அரை ஆயுள் 3,700 கோடி ஆண்டு, காத்திருக்க வேண்டாம்.

சீசியம் அயோடைடுக்கு ‘பின்னொளிர்வு 0.5 விழுக்காடு’ என்று போட்டிருக்கிறது. பிஜிஓவோடு (பிஸ்மத் ஜெர்மனேட் படிகம்) ஒப்பிடலாமா? (ஜூரோங் ஈஸ்ட்)

எப்போது அளந்த 0.5? இதை எத்தனை தடவைதான் கேட்பது! சீசியம் அயோடைடுக்கு வழக்கமாக 6 மில்லிவினாடி கழித்துச் சொல்வார்கள்: அரை முதல் 5 விழுக்காடு வரை. பிஜிஓவுக்கு 3 மில்லிவினாடி, 0.005 விழுக்காடு அளவில். நேரமே வேறு.

அப்புறம், கதிரை எவ்வளவு நேரம் பாய்ச்சினார்கள்? குட்டித் துடிப்பு படிகத்தின் பொறிகளை (மின்னூட்டங்களைப் பிடித்து வைத்துப் பிறகு விடும் குறைபாடுகளை) லேசாகத்தான் நிரப்பும். ஒரு வினாடி தொடர்ந்து பாய்ச்சினால் அதே படிகம் பல மடங்கு மோசமாகத் தெரியும். ‘அறை வெப்பநிலை’ என்றும் எழுதாதீர்கள். நம் சிங்கப்பூரில் ஏர்கான் ஓடினால் 22 டிகிரி, ஞாயிற்றுக்கிழமை நிறுத்திவிட்டால் 30. ஆழமில்லாத பொறிகள் காலியாகும் வேகம் அதற்கேற்ப மாறும்.

நானும் பட்டவன்தான். இரண்டு வாரம் ஒரு நல்ல மாதிரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதை எடுத்துவிட்டு, பின்னொளிர்வு மிகக் குறைந்த பிஜிஓ துண்டை வைத்தால், அதிலும் மெதுவாக அடங்கும் அதே ஒளி வால்! சுவிட்சை அணைத்தாலும் உயரழுத்தக் கேபிளில் தேங்கிய மின்னூட்டம் வடிய நேரமாகிறது, அதுவரை எக்ஸ்ரே வந்துகொண்டே இருந்திருக்கிறது. வேகமான ஷட்டர் போட்ட பிறகுதான் வால் அறுந்தது. அதனால் முதலில் பிஜிஓ, பிறகு உங்கள் படிகம். இரண்டையும் முந்தின இரவே இருட்டில் வையுங்கள்.

சோடியம் அயோடைடின் உறையைத் திறந்து துடைக்கலாமா? (ஈசூன்)

கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் படிகம் வீணாகிவிடும்.

ஃபோட்டோமல்டிப்ளையர் (மங்கிய ஒளியை மின்குறியாகப் பெருக்கும் குழாய்) பெட்டியை விளக்கு வெளிச்சத்தில் திறந்துவிட்டேன். (பூன் லே)

உயரழுத்தம் அணைந்திருந்ததா? சரி, ஓர் இரவு இருட்டில் வையுங்கள், இருள் மின்னோட்டம் (ஒளியே இல்லாதபோதும் குழாயில் ஓடும் மின்னோட்டம்) இறங்கிவிடும். ஓடிக்கொண்டிருந்ததா? புதுக் குழாய்க்கு விலை விசாரியுங்கள்.